பிரிட்ஜ் வந்த வழி

முச்சந்திக்கு வந்ததும் நாலு பேரும் பிரிட்ஜைக் கீழே இறக்கினார்கள்.

பெட்டியை அப்படியே சுற்றி, முன் பக்கத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்து, மறுபடி தோளில் ஏற்றினார்கள்.

பதுளைக் கடையிலிருந்து லொறியோடு வந்த ஸியாம் தலையில் கை வைத்தார். "என்னங்க இது, ஏன் சுத்துறீங்க? படுக்கப் போட்டுத் தூக்குறதே தப்பு!"

லொறி தேயிலை பெக்டரியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குப் படிதான். நிமிர்த்திப் பிடித்தால் சரியும் என்று இரண்டு மூங்கிலில் வைத்துக் கட்டியிருந்தார்கள். தோட்டத்தில் கனமான எதையும் அப்படித்தான் தூக்குவது.

முன் மூங்கிலைப் பிடித்திருந்த ஜீவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தான்.

பின்னால் நடந்து வந்த நானும் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பெட்டி வளைவு தாண்டிப் போன பிறகுதான், நான் போக வேண்டியது என் வீட்டுக்கு என்று நினைவு வந்தது.

வீட்டில் பிரிட்ஜை நிமிர்த்தி வைத்தார்கள். படுக்க வைத்ததால் உள்ளே மோட்டார் எண்ணெய் ஓடியிருக்கும், அது இறங்கும்வரை பிளக்கைத் தொடவே கூடாது என்றார் ஸியாம். ஓட்டிக் காட்டாமல் திரும்பக் கூடாது என்பது கடைச் சட்டமாம். பிளேன்டீ குடித்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

மற்ற வீடுகளில் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்பார்களே என்று கேட்டார். வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர் சிவஞானம்.

என் மடியில் பிளாஸ்க் இருந்தது. உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் சுபாஜினியின் இன்சுலின். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் ஊசி.

கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நர்ஸம்மா சொன்னார். சொல்லட்டும். எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மருந்து கெட்டாலும் பார்த்தால் தெரியாது. அதே புட்டி, அதே நிறம்.

முன்பு மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள்தான் வைத்திருந்தோம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த மணலும் சூடேறியிருக்கிறது. தினமும் தண்ணீர் தெளித்த எனக்கே அது தெரியவில்லை. சட்டியைச் சிவஞானம் பள்ளத்தில் வீசிவிட்டார்.

இந்த நேரத்தில் புதுச் சாமான் கேட்குதா என்று லயத்தில் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தேன். ஐஸ் சத்தம் கேட்டது. பிறகு ஆட்டும்போது தண்ணீர்ச் சத்தம்தான் அதிகம்.

மத்தியானம் தாண்டி ஸியாம் எழுந்து பிளக்கை மாட்டினார். ஒரு உதறல், அப்புறம் மெல்லிய இரைச்சல். கதவைத் திறந்ததும் உள்ளே விளக்கு எரிந்தது. சுபாஜினி கை தட்டினாள்.

உள்ளே கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் சில்லிட்ட பிறகுதான் மருந்தை வைத்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை.

செருப்பை மாட்டும்போது ஸியாம் விடாமல் கேட்டார். அந்த முச்சந்தியில் அவர்கள் ஏன் சுற்றினார்கள், நீங்கள் ஏன் அக்கா அங்கேயே நின்றீர்கள் என்று.

"போன மாசம் எம் மூத்தவனத் தூக்கிட்டுப் போனதும் இதே நாலு பேருதான் தம்பி. அவனுக்கும் இதே ஊசிதான். அந்த எடத்துல எறக்கி, தலமாடு கால்மாடு மாத்தித் தூக்குவாங்க. பொம்பளைங்க அதோட திரும்பிரணும்."

அவர் ஒரு செருப்போடு நின்றார்.

உள்ளே சுபாஜினி விளக்கைப் பார்க்கக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மூடுடி, குளிர் போயிரும்!" என்று கத்தினேன். லயமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன்.