புத்தகத்தில் இல்லாத பிரியாணி

"இன்பராணி அக்கா பச்சையா புளுகுறாங்க!"

வாய் வரைக்கும் வந்துடுச்சு கஸ்தூரிக்கு. அடக்கிக்கிட்டா.

ஜொகூர் செடெனாக்லருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற வேன். எல்லைப் பாலத்துல வண்டி நகராது, ஜேம்னா அப்படி ஒரு ஜேம். கஸ்தூரியோட நாத்தனாருக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சதே இந்த ஜேம்லதான், அது வேற கதை. வண்டி நின்னா போதும், அக்கா புத்தகத்த எடுத்துடுவாங்க. சீட்டுக்கு அடியில யாரோ விட்டுட்டுப் போனது. ஜப்பான்காரங்க பழைய கதைங்க, மலாய்ல போட்டிருக்கு. அக்கா பார்த்துப் பார்த்துத் தமிழ்ல சொல்வாங்க.

இன்னைக்கு விளக்கு விக்கிறவனும் அவன் கட்டிக்கிட்ட மின்மினிப் பொண்ணும்.

"கோடை முடிஞ்சு பறந்து போனவ, மறுவருசம் திரும்பி வந்து அவன்கூடவே இருந்துட்டா!"

டிரைவர் செல்லப்பன் அண்ணன் ஸ்டியரிங்கத் தட்டிச் சிரிச்சார். "அப்படிப் போடு!"

பின் சீட்லருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்திருந்தா. புத்தகத்துல அந்த மின்மினிப் பொண்ணு திரும்பி வரவே இல்ல.

"அண்ணே, நாளைக்கு நான் வாசிக்கிறேன். மலாய் ஸ்கூல்ல படிச்சவ நான். உள்ளத உள்ளபடி சொல்வேன்லா!"

வேன்ல இருந்து இறங்குனதும் அக்கா கையப் பிடிச்சு ஓரமா இழுத்தாங்க.

"நீ வேலைக்கு வர்றதுக்கு முந்தி, போன வருசம், செல்லப்பன் அண்ணன் சம்சாரம் மலர் தவறிட்டாங்கடி. மாசக்கணக்கா மனுசன் வாயே தொறக்கல. ரேடியோகூடப் போடல. இந்தப் புத்தகத்துல எந்தப் பொண்டாட்டியப் பாரு, கடைசில விட்டுட்டுப் போயிடுறா. அத எப்படி அவர் காதுல போடுறது?"



மறுநாள் கஸ்தூரி வாசிச்சது குடை செய்றவனும் மழைப் பொண்ணும். கடைசிப் பக்கத்துல மழை விட்டுடுச்சு. அவளும் போயிட்டா.

கஸ்தூரி வாசிக்கிறத நிறுத்திட்டா.

"அப்புறம் என்னாச்சு தங்கச்சி?" அண்ணன் கண்ணாடியில பார்த்தார்.

"அப்புறம்... மழை விட்டும் அவ போகலண்ணே! ஊரையே கூப்பிட்டு மறுபடியும் கல்யாணம். ஆட்டு பிரியாணி!"

"அலமாக்! ஜப்பான்லயா?"

வேனே சிரிச்சுது. அக்கா கஸ்தூரிய முழங்கையால ஒரு இடி இடிச்சாங்க.

சாயந்தரம் செடெனாக்ல எல்லாரும் இறங்கியாச்சு. கஸ்தூரிதான் கடைசி.

"தங்கச்சி," அண்ணன் மெதுவா கூப்பிட்டார். "பிரியாணி புத்தகத்துல இல்லையே."

கஸ்தூரி கதவுப் பிடிய விட்டுட்டுத் திரும்பினா.

"அது மலரோட புத்தகம்மா. என் பக்கத்து சீட்ல உட்கார்ந்து எத்தனையோ வாட்டி வாசிச்சுக் காட்டியிருக்கா. கதையில வர்ற பொண்டாட்டிங்க எல்லாரும் போயிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

சிரிச்சுக்கிட்டே சாவியத் திருப்பினார்.

"இன்பராணிகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்புறம் அது உள்ளத உள்ளபடி வாசிச்சிடும்."