விளக்கு வழியே ஒரு குரல்

கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் பேசினார் இன்ஜினியர். அவர் குரலை ஹாலில் எரியும் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சமே சுமந்துபோய் மனைவியின் ஹெட்போனில் சேர்க்க வேண்டும். வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி.

“கேக்குதா?”

“நல்லா கேக்குதுங்க!” என்று ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“விளக்கை விட்டுத் தள்ளிப் போ. இப்போ?”

“இப்பவும் கேக்குது. இன்னும் பேசுங்க.”

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் துள்ளி எழுந்தவரின் காலை ஒயர் ஒன்று தடுக்கியது. மைக்கிலிருந்து விளக்குக்குப் போக வேண்டிய ஒயர். அதை அவர் மாட்டவே இல்லை!

கதவைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கதவில் காதை வைத்தபடி நின்றிருந்தாள் மனைவி.

“ஏன் பொய் சொன்னே?”

“கேக்கலைன்னா பேச்சை நிறுத்திடுவீங்களே. வேற எப்போ என்கூட பேசறீங்க?”

அவளை ஹால் சோபாவில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை.