பளபளத்த இன்ஜின்

"கல்யாணமாகி நாப்பது வருஷம். ஒருநாளாவது நான் செய்யற பொம்மை ரயிலைக் கண்டுக்கிட்டிருக்கியா?" என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி குத்திக்காட்டுவார்.

பாவம், இவருக்கு இப்போது கைநடுக்கம். அது முற்றுவதற்குள் செய்து முடித்த கடைசி பொம்மை இன்ஜின் மேஜைமேல் இருந்தது. மேலெல்லாம் ஒரே கரி, அழுக்கு. பொம்மை ரயில் செய்பவர்களின் கிளப்பில் இவருக்கு நண்பரான தபால்காரர் அதைப் பார்க்க வருகிறாராம். இவர் குளிக்கப் போன நேரத்தில் சோப்பும் பழைய பிரஷ்ஷுமாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, துணி போட்டு மூடிவைத்தேன்.

தபால்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "அண்ணே, நேத்து என் ரயில் மேஜையிலேருந்து கவுந்துடுச்சு. உயிர்ச்சேதம் ஒரே ஒரு பொம்மை மாடு!"

இவரும் சிரித்தார்.

"அதை விடுங்க. அண்ணி, கிளப்பே இவரு இன்ஜினைப் பத்திதான் பேசுது. புது இன்ஜினை அம்பது வருஷம் ஓடினது மாதிரி காட்ட, துருவையும் கரியையும் வண்ணப்பொடியால எட்டு மாசமாத் தீட்டியிருக்காரு! காட்டுங்கண்ணே!"

இவர் துணியை விலக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கே பிடிக்கலைப்பா. கழுவிட்டேன்."

"அடடா! சரி, இன்னொண்ணு பண்ணிடுங்க."

"பண்ணலாம், பண்ணலாம்" என்றபடி, உதறும் வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.