சங்கீதக் காது

தங்கச்சாமி பொய் சொல்கிறான் என்பதில் ஞானதுரைக்குச் சந்தேகமே இல்லை.

காது மந்தமாகிவிட்டது என்று முதலாளி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதிலும் சொல்கிறான். எந்த ஊரில் செவிடன் இப்படிப் பேசுவான்?

"எம்புட்டு நாளா கேக்கல?" என்றார் முதலாளி ராஜரத்தினம்.

"ரெண்டு வருசமா மொதலாளி. ஸ்பின்னிங்ல மெஷின் இரைச்சல் தாங்கல. இருக்கிற கொஞ்சமும் போயிரும்னு டாக்டர் சொல்லுதாரு. என்னைய குடோனுக்கு மாத்திவிட்டாப் போதும்."

"செத்த நேரம் நில்லு."

அவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. ராஜபாளையத்தில் நூல் மில் வைத்திருக்கும் ராஜரத்தினத்திடம் எண்ணூறு இசைத்தட்டுகள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கேசட் கடை வைத்திருக்கும் ஞானதுரை, புதிதாக வந்த சி.டி. பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். இனிமேல் இதுதான் என்று அண்ணாச்சி வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு.

"கீறல் கிடையாது, கரகரப்பு கிடையாது. அம்புட்டு சுத்தம் அண்ணாச்சி."

"சுத்தமாத்தான் இருக்கும். உசுரு இருக்காது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன், எது தட்டு, எது உம்ம சி.டி.ன்னு. பாப்பமா?"

ஒரே வயலின் கச்சேரி இரண்டிலும் இருந்தது. ராஜரத்தினம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஞானதுரை மாற்றி மாற்றிப் போட்டார். ஆறு தடவை போட்டதில் ஆறும் சரி.

ஏழாவது தடவை, "தட்டுதான். ஆனா ஊசியில தூசி இருக்கு, தொடச்சிட்டுப் போடும்" என்றார்.

ஞானதுரை ஊசியைத் தூக்கிப் பார்த்தார். முனையில் மயிரிழை அளவுக்கு ஒரு பஞ்சுப் பிசிறு. காது என்றால் அதுவல்லவா காது! ஞானதுரை தோற்றுப்போனதையே மறந்து கும்பிட்டார்.

வெற்றிக் களிப்பில் ராஜரத்தினத்துக்கு வாசல் ஞாபகம் வந்தது. திரும்பிக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே, உள்ள வா. இப்ப ரெண்டு போடுவாரு. எது நல்லாருக்குன்னு சொல்லு."

இரண்டையும் போட்டார்கள். தங்கச்சாமி கையைக் கட்டிக்கொண்டு முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு" என்றார் ராஜரத்தினம், வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி.

"ரெண்டும் நல்லாருக்கு மொதலாளி."

"பாத்தீரா ஞானதுரை? மெதுவாத்தான் கேட்டேன். காது மந்தமாம்ல காது!"

ஞானதுரையும் சேர்ந்து சிரித்தார்.

"இருவது வருசமா தெனமும் நானும் அந்த மில்லுக்குள்ளதான் போயிட்டு வாரேன். எங்காதுக்கு என்ன வந்துச்சு? போ, நாளைக்கு ஒழுங்கா ஸ்பின்னிங்குக்கே வந்து சேரு."

தங்கச்சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். ராஜரத்தினம் சட்டை மாற்ற உள்ளே போனார்.

நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று ஞானதுரை வாசலுக்கு வந்தார். தங்கச்சாமி குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சாமி."

திரும்பவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். திமிர் என்று நினைத்துத் தோளைத் தொட்டதும், அவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான்.

"கூப்பிட்டது கேக்கலயா?"

"கேக்காதுய்யா. மொகத்தைப் பாத்தாத்தான் வெளங்கும். மெஷின் ஓடுற எடத்துல யாரு பேச்சு யாருக்குக் கேக்கும்? நாங்க எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம்."

"இதை உள்ள சொல்லியிருக்கலாம்ல?"

"பாட்டுப் போட்டுட்டுக் கேக்காக. கேக்கலன்னு சொன்னா நடிக்கேன்னுதான சொல்லுவாக? அதான் நல்லாருக்குன்னேன்." அவன் கொஞ்சம் தயங்கினான். "எம்மகளுக்கு ஒண்ணரை வயசு, இப்பத்தான் பேசுது. கைப்பிள்ள வாயப் பாத்தா ஒண்ணும் புடிபட மாட்டேங்குய்யா."

ஞானதுரைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சற்றுமுன் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எப்படியாவது அண்ணாச்சியிடம் சொல்லிவிட வேண்டும். விவரம் தெரியாமல்தான் விரட்டிவிட்டார், தெரிந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

"ஏறும், மில்லுல ஒரு எட்டுப் பாத்துட்டு உம்மைய பஸ் ஸ்டாண்டுல விடுதேன்" என்று ராஜரத்தினம் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் இசைத்தட்டின் பெருமைதான். மில் கேட்டில் கார் நின்றபோதுதான் ஞானதுரைக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது.

"அண்ணாச்சி, அந்தத் தங்கச்சாமிக்கு நெசமாவே காது..."

ராஜரத்தினம் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே காதை அடைக்கிற ரப்பர் தக்கை இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து வலது காதில் பதமாகத் திருகினார்.

"இது இல்லாம நான் உள்ள காலே வைக்கதில்ல ஞானதுரை. இந்த இரைச்சல் நாலு நாள் காதுல விழுந்தாப் போதும், பொறவு தட்டு எது, சி.டி. எதுன்னு எனக்கே தெரியாமப் போயிரும்."