தலைவர் நடந்த படம்

தலைவருக்குக் கால் போய்விட்டது என்று குமாசி நகரத்துப் பக்கத்து அந்த ஊர் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது மூப்பர் ஒபிரி. நடக்க முடியாதவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட நாளைக்கு மூப்பர்கள் கூடுகிறார்கள்.

தலைவர் நானா டுவுமுக்கு ஒருத்தனையும் நம்பிப் பழக்கமில்லை. குடை பிடிப்பவனைக்கூட விரட்டிவிட்டு, படம் பிடிக்கும் அன்சாவை மட்டும் முற்றத்துக்கு அழைத்தார்.

“நான் எட்டி வச்சு நடக்கிறத எடு. நிக்கிறத எடுத்தே, தொலைச்சிடுவேன்.”

“நடங்க நானா. உங்க முகத்த விட்டுக் கண்ண எடுக்க மாட்டேன்.”

தலைவர் கென்டே துணியைத் தோளில் ஏற்றிப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, நாலு எட்டு வீசி நடந்தார்.

“ஊர்ல எல்லார் போனுக்கும் அனுப்பு.”

“ஒரு தடவை பாத்துட்டு…”

“நீ பாக்கிறதுக்குள்ள ஒபிரி ஆளுங்க கையில சிக்கும். வெட்டி ஒட்டி என்னை நொண்டியாக்கிடுவானுங்க. அனுப்புடா!”

அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம் சேர்ந்தது.

“பாத்தியா, வாழ்த்த வந்துட்டானுங்க.”

ஒபிரி உள்ளே வந்தார். கும்பிடு போடவில்லை.

“நல்லாத்தான் நடக்கிறீங்க. நான்தான் தப்பா பேசிட்டேன். ஆனா தலைவரோட வெறுங்கால் மண்ணுல பட்டா அன்னைக்கே பதவி போச்சு. அது உங்களுக்குத் தெரியாததா?”

“வெறுங்காலா? எவன் சொன்னான்?”

ஒபிரி போனை நீட்டினார். படத்தில் நானா கம்பீரமாக எட்டு வைத்துக்கொண்டிருந்தார். இடது செருப்பு பின்னால் கழன்று கிடந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். பாதம் இன்னும் புழுதியில்தான் இருந்தது. சர்க்கரை வியாதியில் அது மரத்துப்போனதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.