அடுத்த சொல்

'நான்' என்று தட்டினார். இடைவெளி விட்டதும், மகளின் மடிக்கணினி அடுத்த சொல்லைத் தானாகவே நீட்டியது: 'தண்டம்'.

லிஃப்ட் மெக்கானிக்கின் விரல் அப்படியே நின்றுவிட்டது. அவர் அதைத் திறந்ததே மகளின் குட்டை உடைக்கத்தான்.

மகள் எட்டாம் வகுப்பு. வாயால் கேட்டால் எந்தப் பாடத்தையும் மடமடவென்று சொல்வாள். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிவிடும். சில காணாமலே போய்விடும்.

வீட்டுப் பாடத்துக்கென்று பள்ளியில் இந்தக் கணினியைக் கொடுத்திருந்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டால் பரீட்சையிலும் பயன்படுத்தலாம். நாளைதான் கடைசி நாள். படிவம் மூன்று வாரமாக மேசையிலேயே கிடந்தது.

"போட்டுடுங்களேன். பாவம், அவளுக்கு ஒரு வருஷமே வீணாப் போயிடும்," என்று அன்று காலையிலும் மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"மெஷினே எழுதிக் குடுத்தா இவ எதுக்குப் பரீட்சைக்குப் போறா? உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

மனைவி சும்மா இருந்தாள். அவருக்கு அன்று வார விடுமுறை. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் மெஷினைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சிறப்பு ஆசிரியை அவருக்கு ஏற்கெனவே பொறுமையாகச் சொல்லியிருந்தார். "ரெண்டு வசதி இருக்கு சார். உங்க பொண்ணு மாதிரிப் பிள்ளைங்க மைக்ல பேசினா அதைக் கேட்டு எழுதும். எழுதினதைத் திரும்பப் படிச்சும் காட்டும். டைப் பண்றவங்களுக்கு, அடுத்து வரக்கூடிய வார்த்தைய எடுத்துக் குடுக்கும்."

"அப்ப அதுதானே யோசிக்குது?"

"அதுக்கேது சார் யோசனை? ஒரு வார்த்தைக்கு அப்புறம் எந்த வார்த்தைய அதிகமா டைப் பண்றாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கும். பழகின விரல் எங்க போகுமோ, அங்க முன்னாடியே போய் நிக்கும். அவ்வளவுதான்."

இந்தப் பின்பாதி மட்டும் அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. அவர் மாட்டும் புது லிஃப்டுகளும் அப்படித்தான். எந்த மாடியில் பொத்தானை அதிகம் அழுத்துகிறார்களோ, ஆளில்லாத நேரத்தில் அந்த மாடியில் போய்க் காத்து நிற்கும்.

அப்படியானால், 'நான்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்தத் 'தண்டம்' எத்தனை நாளாகக் காத்து நிற்கிறது?

'எனக்கு' என்று தட்டிப் பார்த்தார். 'ஒண்ணும்' என்றது. அதைத் தேர்ந்தெடுத்ததும் 'தெரியாது' என்றது.

'வீட்டுல' என்று தட்டினார். 'அவர்', 'இல்லாதப்ப', 'நிம்மதி' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அப்பா என்று எழுதக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

மதிப்பெண் அட்டை வந்த நாள் கண்முன் நின்றது. தேநீர் ஆறிப் போனாலும், சட்டையில் பொத்தான் இல்லாவிட்டாலும் அவர் வாயில் வரும் அதே சொல்தான். அன்று வாசலில் வைத்து, எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அது மகள்மேல் விழுந்தது. அவள் அழவில்லை. அட்டை கசங்காமல் பைக்குள் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மகள் பையோடு உள்ளே வந்தாள். கணினி திறந்திருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"வா கண்ணு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நெஜமாவா? அம்மா! அப்பா போட்டுட்டார்!"

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிலைப்படிவரை வந்து நின்றாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்." அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே அந்தத் தண்டம்ங்கிற வார்த்தை என் வாயில வராது. உன் மனசுல இவ்வளவு இருக்கும்னு அப்பாவுக்குத் தெரியலம்மா. இதுல நீ டைப் பண்றதெல்லாம் என்னன்னு பார்த்துட்டேன்."

மனைவி சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். மகளை நினைத்து அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

மகள் திரையை நெருங்கி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார், முதல்முறையாக அவசரப்படுத்தவில்லை.

"நான் மைக்ல பேசறதோட சரிப்பா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஸ்கூல் விட்டு வந்து பார்த்தா, தினமும் இது சூடா இருக்கும்."

"சூடாவா? ஏன்?"

"டைப் பண்றது அம்மா."