மருதமரத்துப் பெட்டி

கைபேசியின் அம்புக்குறி நேராகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சாவித்திரி இடதுபக்கம் திரும்பிவிட்டாள்.

"அங்க இல்லம்மா" என்று வானதி சொல்லி முடிப்பதற்குள் அம்புக்குறியும் இடதுபக்கம் சாய்ந்தது.

வானதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொள்ளிடக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் அம்மா. இந்தப் படுகையில் அவளுக்குத் தெரியாத தடமா?

கரைமேட்டிலிருந்து இறங்கினால் ஆற்றுமணல் வரைக்கும் காடு. பறவைகளுக்கென்று வனத்துறை வேலி போட்டு விட்டுவைத்த இடம். மருதும் நாவலும் மூங்கிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. காலை பத்து மணிக்கும் மண் ஈரமாகவே இருந்தது.

இந்தக் காட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. ஒளித்துவைத்தது வானதியின் அக்கா மணிமொழி.

கல்லூரி நாட்களில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஜியோகேச்சிங் என்றால் பைத்தியம். யாரோ ஒருவர் ஓரிடத்தில் சின்னப் பெட்டி ஒன்றை மறைத்துவிட்டு, இடத்தின் குறியீட்டை மட்டும் செயலியில் போடுவார். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கம்கூட இருவரும் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெட்டியை மணிமொழி செயலியில் போடவே இல்லை. குறியீட்டைத் தங்கையின் கைபேசியில் மட்டும் ஏற்றிவிட்டு, "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்டி" என்றாள்.

அதற்கடுத்த மாதம் முபாரக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். நான்கு வருடமாகிறது.

அப்பாவுக்கு நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர், பக்கிரி. ஆனால் முபாரக் என்ற பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாது என்றுவிட்டார். மகள் பெயரையும் சேர்த்துத்தான். அக்காவின் எண் மாறிவிட்டது. முகவரி யாருக்கும் தெரியவில்லை. அதே வருடம் சென்னைக்கு வேலைக்குப் போன வானதி, ஞாயிறுதோறும் போனில் அம்மாவிடம் கேட்பாள். "எனக்கும் ஒண்ணும் தெரியலடி" என்று அம்மா அழுவாள். இவளும் அழுவாள்.

தை மாதம் வானதிக்குக் கல்யாணம். அக்கா என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் பார்க்கட்டும் என்று பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காட்டுக்குள் தனியாகப் போகாதே, நானும் வருகிறேன் என்று அம்மா பிடிவாதமாக ஒட்டிக்கொண்டாள்.

மருதமரம் வந்தது. வெள்ளம் ஏறினாலும் எட்டாத உயரத்தில் பொந்து.

"நீ இரு, நான் எடுக்கிறேன். பூச்சி கீச்சி இருக்கும்" என்று சாவித்திரி அவசரமாகக் கையை நீட்டினாள். அதற்குள் வானதி வேரில் ஏறி நின்று பெட்டியை எடுத்துவிட்டாள்.

உள்ளே வேறு நோட்டு இருந்தது. அக்கா முதலில் வைத்தது நீல அட்டை நோட்டு. இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு.

முதல் பக்கத்தில் அம்மாவின் குண்டு குண்டுக் கையெழுத்து.

'ஆடிப்பெருக்கு. வந்தேன். உன் அப்பாவிடம் ஆத்துக்குச் சாமி கும்பிடப் போறதா சொன்னேன்.'

அதன்கீழே அக்காவின் எழுத்து. 'அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றோம்மா.'

பக்கம் பக்கமாக நான்கு வருடம். தேதிகள், வெள்ளிக்கிழமைகள். 'சீமந்தப் புடவை வச்சிருக்கேன், கட்டிக்கோ.' 'ஆஷிகாவுக்கு ரெண்டு பல் முளைச்சிருக்கு, பாத்தியாம்மா?' 'பாத்தேன். உன்னை உரிச்சு வச்சிருக்கா.'

ஆஷிகா.

தனக்கு ஒரு அக்கா மகள் இருக்கிறாள் என்பதை வானதி ஒரு மரப்பொந்தில் படித்துத் தெரிந்துகொண்டாள்.

போனில் கேட்ட அந்த அழுகையெல்லாம் காதுக்குள் திரும்ப ஓடியது. சில ஞாயிறுகளுக்கு இரண்டு நாள் முன்புதான் அம்மா பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறாள்.

கடைசிப் பக்கம், போன வாரத் தேதி. அக்காவின் எழுத்து.

'கல்யாணத்துக்கு வந்தா வானதி இங்க வருவா. நோட்டை எடுத்துடும்மா. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.'

இரண்டு பேருக்கு மட்டும் என்ற பெட்டியில் அவள் ஒருத்திதான் இல்லை.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சீங்க, சரி. எனக்கு எதுக்கும்மா? நான் என்ன செஞ்சேன்?"

அவள் போட்ட சத்தத்தில் நாவல் மரத்திலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன.

சாவித்திரி நோட்டை மகளின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் வானதிக்குப் பயமாக இருந்தது.

"பெரிய மாப்பிள்ளைக்கு அன்னைக்கு விழுந்த அடியில இடது காது இன்னும் கேக்கலடி."

வானதி மெல்ல வேரில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பதிவு அலுவலகத்து வாசலில் அப்பா நாலு ஆட்களோடு முன்கூட்டியே வந்து நின்றார். எந்த ஊர் அலுவலகம், என்ன கிழமை, எத்தனை மணி, எல்லாவற்றையும் மணிமொழி ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.